மீசையும் மிதுக்கு வத்தலும்

14 மே 2024

ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. மெஷினும் நானும் சும்மா இருக்கிறோம். வயிறு மட்டும் எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து விருந்து. பந்தியில் எனக்கு எதிரே ஆனந்தராஜ். என் தங்கச்சி செவந்தியைக் கட்டியவன். ஆலங்குடியில் காய்கறிக் கடை, அந்தத் திமிர் வேறு. இலை போட்டு முடிக்கும் முன்பே ஆரம்பித்தான்:

"மழை புடிச்சுட்டா நம்ம மச்சான் வீட்டு அடுப்பு என் கடையை நம்பித்தான் எரியுது. கடை சாத்துற நேரமாப் பாத்து, கழிச்சுப் போட்ட காயைப் பொறுக்க வந்துருவாரு!"

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்றியவன் சிரித்த சிரிப்பில் பாதிப் பாயசம் என் வேட்டியில்.

நான் போனது ஒரே ஒரு நாள். அதுவும் பொறுக்கவில்லை. தேர்ந்தெடுத்தேன்.

எழுந்து நின்றுவிட்டேன். "மாப்ளே, ஐப்பசி பொறந்ததுலேர்ந்து தை பொறக்குற வரைக்கும் கடைக்காய் என் வீட்டுக்குள்ள வராது. வந்துச்சுன்னா இந்த மீசைய ஒன் கடை வாசல்ல வச்சு எடுத்துக்கிறேன்."

"வரலைன்னா?"

"என் வீட்டுக்கு வந்து, நான் போடுறதத் தின்னுட்டு, நாலு பேரு முன்னாடி தப்புன்னு சொல்லணும்."

"சரி மச்சான். பிளேடு என் செலவு."

என் முகத்தில் பார்க்கும்படி இருப்பது இந்த மீசை ஒன்றுதான். அதைப் போய் பந்தயத்தில் வைத்திருக்கிறேன். புத்தி எங்கே போச்சு?

29 மே

மொட்டை மாடி முழுக்க வத்தல். கொத்தவரை, சுண்டை, பாகல். குளக்கரைப் புதரில் பறித்த, பாகலைவிடக் கசக்கும் மிதுக்கங்காயைக் கீறி மோரில் ஊறப்போட்டுக் காய வைத்திருக்கிறோம். ஆனந்தராஜ் பழக்கி அனுப்பிய மாதிரியே ஒரு காக்கா வந்து வந்து போகிறது. குடை பிடித்துக்கொண்டு காவல் இருக்கிறேன். பக்கத்து வீட்டு இருளாண்டி கீழேயிருந்து, "என்னப்பா நாகராசு, ஒன்னையும் சேத்துக் காயப் போட்டுட்டாகளா?" என்றான்.

சிரிக்கட்டும். தையில் பேசிக்கொள்கிறேன்.

7 ஜூலை

பலாச்சுளையை ஊரெல்லாம் தின்றது. கொட்டையை எல்லாம் மழைக்காலக் குழம்புக்கு ஆகும் என்று நான் கேட்டு வாங்கி வந்தேன். கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. "பானையில காஞ்ச மண்ணைப் போட்டு வீட்டுக்குள்ள வைங்க" என்றாள் பரிமளா. பானை பிடிக்கிற அளவா இது? பெண்டாட்டிக்கு என் திட்டத்தின் பெருமை புரியவில்லை.

18 அக்டோபர்

ஐப்பசி பிறந்தது. விடிந்ததும் வாட்ஸப்பில் ஆனந்தராஜ். வாழ்த்து இல்லை, வணக்கம் இல்லை. ஒரு பிளேடு படம்.

பதிலுக்கு வத்தக்குழம்பைப் படம் எடுத்து அனுப்பினேன். படத்தில் குழம்பு கொஞ்சம் தார் மாதிரிதான் இருந்தது.

9 நவம்பர்

கொல்லையில் அவரை இன்னும் பூக்கவே இல்லை. வேலியில் முடக்கத்தான், வரப்பில் குப்பைக்கீரை, மீதிக்கு வத்தல். ஹரிணி டிபன் பாக்ஸை நங்கென்று வைத்தாள்.

"அப்பா, காலேஜ்ல என் பேரே வத்தல். ஒங்க சண்டைக்கு நான் ஏம்ப்பா கருவாடா காயணும்?"

மீசையைத் தடவினேன். அது பதில் ஆகாது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

21 நவம்பர்

பலாக்கொட்டையைத் தோண்டப் போனேன். மழை ஈரத்தில் அத்தனையும் முளைத்துவிட்டது. குழம்புக்கு வைத்தது கன்றாக நிற்கிறது. இருளாண்டி வேலிக்கு அங்கிட்டு நின்று, "தோப்பு வைக்கிறியா?" என்றான். பரிமளா ஒரு காலிப் பானையைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

30 நவம்பர்

விடாத மழை. கடையைத் திறந்தும் ஈ காக்கை வரவில்லை. ஹரிணிக்குக் காய்ச்சல். "உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் போதும்ப்பா."

சட்டையை மாட்டிக்கொண்டு ஆலங்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். மீசை போனா போவுது, முளைச்சிரும் — இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். சத்தியமாக. அவன் கடைக்கு எதிரே இறங்கினேன். மழைத்தாரைக்கு நடுவே அவன் என்னைப் பார்த்துவிட்டான். ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான் பாருங்கள்!

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கொல்லையில் முழங்கால் சேற்றில் நின்று ஆழ்வள்ளிக் கிழங்கை, அதான் மரவள்ளியை, பிடுங்கினேன். பெருக்கவே இல்லை, விரல் தண்டிதான். சீவி வறுத்துக் கொடுத்தேன். பிள்ளை தின்றுவிட்டு, "இது உருளை இல்லை" என்றது. தெரியும்மா.

ஆனந்தராஜ், ஒனக்கு இருக்குடா.

12 டிசம்பர்

அவரை பூத்துவிட்டது. பரிமளா இன்று என்னோடு பேசினாள்.

3 ஜனவரி 2025

விருந்துக்கு என்ன போடுவது என்று யோசிப்பதுதான் இப்போது என் தியானம். முதலில் பாகல் வத்தல் வறுவல். மேலே சுண்டை வத்தல் குழம்பு, புளியைக் குறைத்து. பிறகு வேப்பம்பூ ரசம், பூவை அள்ளிப்போட்டு. தொட்டுக்கொள்ள மிதுக்கு. மறுசோறு கட்டாயம் உண்டு. மோர் மட்டும் "ஐயோ, தீர்ந்து போச்சே மாப்ளே."

"இதுக்கு வெசத்த வச்சிரலாம்ல?" என்கிறாள் பரிமளா. அதில் என்ன சுவாரஸ்யம்?

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

ஜெயித்தேன்.

வந்தான். சாட்சிக்கு இருளாண்டியும் அவன் பங்காளிகளும். செவந்தியும் கூட வந்திருந்தாள். ஆனந்தராஜுக்கு என் திட்டப்படி. மற்றவர்களுக்குக் கொல்லையில் காலையில் பறித்த அவரைப் பொரியல், மொச்சைக் குழம்பு.

முதல் வாய்க்கே அவன் கண்ணில் தண்ணீர். ரசம் உள்ளே போனபோது காது ஆடியது, நானே பார்த்தேன். "மாப்ளே, கூச்சப்படாதீங்க" என்று அள்ளி அள்ளி வைத்தேன். எட்டு மாதக் கொதிப்பு ஒவ்வொரு கரண்டியாக இறங்கியது. சொர்க்கம்!

அப்போதுதான் செவந்தி கேட்டாள். "மதினி, இந்த அவரை இன்னைக்குப் பறிச்சதா?"

"விடியக்காலைல."

"அதான். இன்னுங் கொஞ்சம் வைங்க." கொஞ்சம் கழித்து மறுபடியும். குனிந்த தலை நிமிரவில்லை. பொரியல் சட்டி காலியாகிவிட்டது.

கடைக்காரன் பெண்டாட்டிக்கு அவரைக்காய் அதிசயமா என்று இருளாண்டி சிரித்தான்.

ஆனந்தராஜ் தண்ணீரைக் குடித்துவிட்டு, சர்வசாதாரணமாகச் சொன்னான்: "விக்கிற காயை வீட்டுக்குக் கொண்டு போனா வியாபாரம் என்னாகுறது? வாடுனது, நசுங்குனது, கழிச்சுப் போட்டது, அதுதான் எங்க வீட்டுக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். இவ சொத்தைய நல்லா வெட்டி எடுத்துட்டு மிச்சத்தக் கொழம்பு வச்சிருவா."

பெருமையாகச் சொன்னான்!

தப்பு என்றும் சொன்னானாம். எல்லோரும் கேட்டார்களாம். என் காதில் விழவில்லை. நான் என் தங்கச்சி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்த மாதிரி இருந்தது.

16 ஜனவரி

மீசை இருக்கிறது. தடவினால் சந்தோஷம் வரவில்லை.

19 ஜனவரி

அவரை, பிஞ்சாகப் பார்த்துப் பறித்து, தூக்குவாளி நிறையக் கொண்டு போய், ஆனந்தராஜ் கடை வாசலில் வைத்தே செவந்திக்குக் கொடுத்தேன். முற்றியது எங்களுக்கு. "இனிமே மூணு நாளைக்கு ஒருக்க வரும்" என்று அவன் காதுபடச் சொன்னேன். "ஒன் புருசன் கடைக்கு எதிர்லயே நடந்து வந்து குடுப்பேன். ஊரு பாக்கட்டும்."

அவன் எடைக்கல்லை எடுத்து எடுத்து வைத்தான். எடை போட அங்கே யாருமே இல்லை.

27 ஜனவரி

ஆனந்தராஜ் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். வண்டியை அணைக்கக்கூட இல்லை. "பாத்திரம், மச்சான்" என்று தூக்குவாளியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வெறும் பாத்திரம் அனுப்பக்கூடாது இல்லையா, உள்ளே வெண்டைக்காய். "நேத்து செவந்திக்கும் இதேதான் எடுத்துட்டுப் போனேன்" என்று தெருமுனையிலிருந்து கத்தினான்.

விடுவேனா? வீட்டுக்குக் கொண்டு வந்து தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்தேன். டப், டப் என்று ஒடிகிறது. ஒன்றாவது முற்றல் இருக்கும் என்று கடைசி வரை ஒடித்தேன்.

பரிமளா அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்தாள். "போதும், குடுங்க. நுனி வேலைதான் முடிஞ்சு போச்சே."