மூக்காண்டி சொன்ன ஆட்டுக் கதை

சங்கரன்கோவில்,
நவம்பர் 18.

அன்பு மகன் ஞானசிங்குக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உன் தங்கச்சி அபிதாவும் இங்கே நல்ல சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் கிருபைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில், ஆஸ்பத்திரி டூட்டிக்கு நடுவில், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறாய், அது என்னிடமிருந்து உனக்கு ஒட்டிய வியாதிதான், அதனால் கோபமில்லை. ஆனால் இந்தச் சங்கதியை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாக வேண்டும். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், அபிதாவுக்கு அந்தச் சைகை மொழி சர்வே குழுவில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியில் சேருகிறாள், நானும் அம்மாவும் சம்மதம் சொல்லிவிட்டோம். உடனே போனை எடுக்காதே, முழுக்கப் படி.

செப்டம்பரில் அந்தக் குழு இங்கே வரப்போகிறது, அபிதாவைப் பத்து நாள் கூட வரச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? காது கேக்காத பிள்ளைய ஊர் ஊரா அலைய விடாதீங்கப்பா, யாராவது ஒண்ணு கேட்டா அவளால பதில் சொல்ல முடியுமா என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளோ விடுகிற மாதிரி இல்லை, இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அதனால் நான் ஒரு மத்தியஸ்தம் பண்ணினேன், அவள் போகலாம், ஆனால் கூடவே நானும் வருவேன், பேசவேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன் என்று. முப்பத்தோரு வருஷம் கடையநல்லூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்குப் பேச்சுக்கா பஞ்சம்.

வந்தவர்கள் இரண்டே பேர். குழுவுக்குத் தலைவி எப்சிபா என்று கோயம்புத்தூர்ப் பெண், அவளுக்கும் காது கேட்காது. நம்மைப் போன்றவர்களுக்கு அவள் கைப்பேச்சை வாயால் எடுத்துச் சொல்ல ஒரு டீச்சரம்மா. வேலை இதுதான். வேதக் கதைகளை டெல்லியில் சைகை மொழியில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அது நம் பக்கத்துக் காது கேளாதவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். புரிந்தால் அதையே எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். புரியாவிட்டால் இந்தப் பக்கத்து ஆட்களை வைத்தே, இவர்கள் கை பேசுகிற மாதிரி, புதிதாக எடுக்க வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் இனி இருபது வருஷத்துக்கு இந்தப் பக்கம் யாரும் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை என்று டீச்சரம்மா சொன்னார்.

முதல் நாள் நம் சபை ஹாலில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்ற கணக்கில்லை, எல்லாருடைய கைப்பேச்சும் வேண்டும் என்று எப்சிபா சொல்லியிருந்தாள். பனவடலிசத்திரத்திலிருந்து ஆடு மேய்க்கிற மூக்காண்டி, கடையநல்லூரிலிருந்து தையல்கார முகம்மது ஹுசைன், இன்னும் சிலர். நூறு ஆட்டில் காணாமற்போன ஒன்றை மேய்ப்பன் தேடிக் கண்டுபிடித்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிற கதையைப் போட்டார்கள். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவராகக் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கேதான் உன் அப்பா போய் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கட்டைவிரலைத் தூக்கிப் புரிந்ததா என்று கேட்டேன், பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். சொல்லும்போது தடுமாறினவர்களுக்கு நானே கொம்பு வைத்துக் காட்டினேன், தோளில் ஆட்டைத் தூக்கிக் காட்டினேன், அவர்களும் அப்படியே செய்து காட்டினார்கள். எல்லாருக்கும் நல்லா வெளங்கிட்டு டீச்சர், பன்னெண்டுக்குப் பன்னெண்டுன்னு எழுதிக்கோங்க என்று சத்தமாகச் சொன்னேன். எப்சிபா நெற்றியைச் சுருக்கினாள், ஆனாலும் ஊர்ப் பெரியவர் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டாள். மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு பெருமை.

சாப்பிட்டு முடித்ததும் அபிதா எழுந்து எப்சிபாவிடம் கையை வீசி வீசி என்னவோ சொன்னாள். டீச்சரம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, அண்ணாச்சி கொஞ்சம் வெளிய இருக்க முடியுமான்னு அபிதா கேக்குதா, நீங்க இங்கன இருந்தா சர்வே நடக்காதாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளை ஊர்ச் சபையில் வைத்து அப்பனை வெளியே போகச் சொல்கிறாள். போய் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டேன், ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அபிதா என்ன செய்தாள் தெரியுமா, யாரிடமும் புரிந்ததா என்று கேட்கவே இல்லை. விசைத்தறியில் வேலை பார்க்கிற கோமதித்தாய் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், அவளும் காது கேளாதவள், வீடியோவைப் பார்க்கவில்லை. அவளை மூக்காண்டிக்கு எதிரே உட்காரவைத்து, இவளுக்கு அந்தக் கதையை நீ சொல்லு என்றாள். மூக்காண்டி உற்சாகமாகச் சொன்னான். ஒருவனுக்கு நிறைய ஆடு இருந்தது, ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான், அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டான், அறுத்தான், எல்லாரும் வயிறு முட்டத் தின்று சந்தோஷமாக இருந்தார்கள். கோமதித்தாய் எந்தக் கோயில் கொடை என்று கேட்டாளாம். டீச்சரம்மா ஜன்னல் பக்கம் வந்து இதைச் சொன்னதும் எனக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார், நம் பக்கத்தில் ஆடு தோளில் வருகிறது, ஊரையே கூப்பிடுகிறார்கள் என்றால் கிடாவெட்டு இல்லாமல் வேறென்ன? ஹுசைன் சொன்னதும் அப்படித்தான், அவர் பக்ரீத் என்றார். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஆட்டை அறுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் எல்லாரும் எனக்குத் தலையாட்டியவர்கள்.

பிறகு அபிதா அதே கதையைத் தன் கையால் சொன்னாள். சாயங்காலம் பட்டிக்குள் விடும்போது எண்ணுகிற மாதிரி எண்ணினாள், தொண்ணூற்றொன்பதில் கை நின்றது. காதில் வெட்டி விட்டிருக்கும் அடையாளத்தைக் காட்டினாள், உடைமுள்ளில் கால் கிழிய அவன் தேடிப்போவதைக் காட்டினாள், கிடைத்த ஆட்டின் காதைத் தடவிப் பார்த்ததும் அவன் முகம் மலர்வதைக் காட்டினாள். மூக்காண்டி எழுந்து நின்றுவிட்டான். அவனும் ஒரு தடவை கிணற்றில் விழுந்த குட்டிக்காக இறங்கி முட்டி பெயர்ந்தவனாம், அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டான். பிறகு கோமதித்தாய்க்கு ஒரு இடம் பிசகாமல் திருப்பிச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு அபிதாவிடம், ஒரே ஒரு ஆட்டுக்காக இப்படிப் போகிற மனுஷன் யார், எந்த ஊர், நான் பார்க்க வேண்டும் என்று கேட்டான். அறுபத்திரண்டு வருஷமாகப் பிரசங்கம் கேட்கிறேன், ஒருநாளும் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. வேப்ப மரத்தடியிலேயே நின்று அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

எப்சிபா எழுதினதை எல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மீதி ஒன்பது நாளும் அபிதா வைத்த முறைதான், பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்ல வேண்டும், காது கேட்கிற சொந்தக்காரர்கள் வெளியே இருக்க வேண்டும். மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம், கடையநல்லூர் என்று நாற்பத்தோரு பேர். ஒரு வீட்டில் தாய்மாமன் ஒருவர், இவன் சார்பா நான் சொல்லுதேன்வே, அவனுக்கு என்ன தெரியும் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார், அவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைப்பதுதான் எனக்குக் கொடுத்த உத்தியோகம். நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த வீடியோ முழுசாகப் புரிந்தவர்கள் ஏழே பேர், அத்தனை பேரும் பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள்.

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நம் பக்கத்துக்குத் தனியாக வீடியோ எடுக்கிறார்கள், மூக்காண்டியும் கோமதித்தாயும் அதில் கதை சொல்கிறார்கள், அபிதா வைத்த முறையைத் தெற்கு ஜில்லா முழுக்க வைக்கப்போகிறார்கள். அதற்குப் பொறுப்பு அவள்தான் என்று எப்சிபா நேரிலேயே வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நம் போதகர் ஐயரவர்கள் ஆராதனையில் அறிவித்தபோது சபையார் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள், அதுதான் காது கேளாதவர்களுக்குக் கைதட்டல், டீச்சரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். அபிதா முன்னால் நின்று எல்லாரையும் பார்த்தாள். உன் அம்மா முழங்கால் வலியை மறந்து பெஞ்சு மேல் ஏறி நின்று ஆட்டினாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்று கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில்தான். இருபத்தைந்து வருஷம் எங்கள் பக்கத்திலேயே ஆராதனையில் உட்கார்ந்திருந்தாயே, என்ன விளங்கியது என்றேன். எழுந்திருக்கும்போது எழுந்திருப்பேன், உட்காரும்போது உட்காருவேன், நீங்கள் திரும்பிப் பார்த்தால் தலையாட்டுவேன், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள் என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மகனே, அவளுக்காக நான் பேசாத இடமில்லை, ரேஷன் கடையில் பேசினேன், பள்ளிக்கூடத்தில் பேசினேன், பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசினேன். அவளிடம் மட்டும் பேசவில்லை. இப்போது தினமும் காலையில் அரைமணி நேரம் எனக்கும் அம்மாவுக்கும் வகுப்பு எடுக்கிறாள். அம்மா சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள், என் விரல் டிக்கெட் கிழித்தே பழகிப்போனதால் மடங்க மாட்டேன் என்கிறது, திட்டு வாங்குகிறேன்.

நீ பயப்படுவது பாசத்தால் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிள்ளைய அனுப்பிட்டு நான் எப்படி உறங்குவேன்னு இருந்தேன், இப்ப அவ போற நாள எண்ணுதேன் என்று அம்மா சொல்கிறாள். எப்சிபா கூடவே இருப்பாள், தங்குவது மிஷன் விடுதியில். உன் உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிறு ஆராதனையை டூட்டியைச் சாக்கு வைத்துத் தள்ளாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, கையிட்டுச் செய்கிற வேலையை எல்லாம் ஆசீர்வதிப்பாராக. அண்ணனுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று இதை முடிக்கும்முன் அபிதாவிடம் கேட்டேன். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு உன் நேரத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள், மறந்துவிடாதே. சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் கையால் சண்டை போட்டவர்கள்தானே, உனக்கு ஞாபகம் வரும். அப்பாவைக் கூப்பிடு, நீ சொல்வதை அவர் எடுத்துச் சொல்லட்டும் என்று அவளிடம் சொல்லி என்னைத் தேடாதே. நான் கடைத்தெருவுக்குப் போயிருப்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
சா. ஏசுவடியான்.