நாற்பத்து மூன்று எழுத்துகள்

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் நான் சொல்வது உங்களுக்குச் சரியாகக் கேட்காததால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆஸ்பத்திரி நோயாளிகள் நாலாயிரம் பேரின் குறிப்புகளை, இன்னொரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கட்டளை தட்டி அனுப்பச் சொன்னார்கள். தட்டியதும் திரை, "இந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் புதிது, நம்பலாமா?" என்று கேட்டு, அதன் கைரேகைபோல நாற்பத்து மூன்று எழுத்துகளைக் காட்டியது.

பக்கத்து மேஜை அர்விந்த், "எல்லாரும் யெஸ்தான் போடுவாங்க, ஜல்தி!" என்றார். எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஜ்யோத்ஸ்னாவுக்குப் போன் செய்து அந்த எழுத்துகளை வாசித்தேன். முதல் எழுத்திலேயே, "நிறுத்துங்க, இது எங்களோடது இல்லை" என்றாள். முகவரியில் நான் ஓர் எண்ணைத் தவறாக அடித்திருந்தேன். யெஸ் போட்டிருந்தால் அத்தனை பேரின் நோய் விவரமும் யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும். உடனே நோ போட்டுவிட்டேன், உம்மா.

முகவரியைத் திருத்தி அடித்து, புதிதாக வந்த எழுத்துகளை மறுபடி வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும், "சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா?" என்று கேட்டாள். கடைசிவரை பொருந்தியது. எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: இந்த வாரம் நான் ஒருவரிடம் அதிக நேரம் பேசியது அதுதான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மாசிக் கருவாட்டுத் தூள் கொடுத்தனுப்புங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதிலை நீளமாக எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால், அன்று என்ன ஆக்கினீர்கள் என்றாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஷமீமா