ராகுகாலத்தில் மாற்றவேண்டிய ரயர்

துன், சுவிற்சர்லாந்து,
வியாழக்கிழமை

அன்பு மகள் லக்சாயினிக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் கூர் நகரில் கை கால் முழுதாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் கார் ரயர் என்று வாய் திறந்தாலே, ஓம் அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய், அந்தப் பிறகு இன்னும் வந்துசேரவில்லை. கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன ஞாயிறு சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, கிளினிக்குக்கு ஏறும் மலைவழியில் வளைவில் பிரேக் பிடித்தேன், கார் தன்பாட்டில் போய்ப் பனிக்குவியலில் முட்டி நின்றது, ஒரு கீறல்கூட இல்லை என்று. நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுப் புட்டுக்கு மாக் குழைக்கப் போனால் வெந்நீரை அளவில்லாமல் ஊற்றிவிட்டேன், அன்று புட்டும் இல்லை ஒன்றும் இல்லை, கடைப் பாண்தான். அந்தக் குவியலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீதியால் நான் பஸ்ஸில் வந்திருக்கிறேன், எனக்குத் தெரியும், எனக்குப் பயமாக இருக்கிறது. பனியில் சறுக்கிக் கால் முறித்தவர்களுக்கு நடை பழக்குவது உன் வேலை. நோயாளிகள் குறைந்துவிடுவார்கள் என்று நீயும் போய் ஒரு கட்டிலில் படுக்கத் தேவையில்லை.

கார் வாங்கும்போது நிறம் பார்த்தாய், பாட்டுக் கேட்கும் பெட்டி பார்த்தாய், கறுப்பு ரிம் பார்த்தாய். ஆவணியில் பேர்ண் கோயில் வாசலில் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, கற்பூரம் காட்டி, முன்னுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தோம். பழம் வைக்கக் குனிந்த எங்களில் ஒருவருக்காவது அந்தச் சில்லில் கிடப்பது கோடைகால ரயர் என்று கண்ணில் படவில்லை. குளிர் ஏழு பாகைக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் இறுகிப்போகும், பிறகு வீதியைப் பிடிக்காது. எல்லாக் காலத்துக்கும் ஒரே ரயர் போதும் என்று உன் சிநேகிதி மதுஜா சொன்னாளாம். அவள் சூரிச்சில் ட்ராமில் வேலைக்குப் போகிறவள், அவளுக்கு ரயரே தேவையில்லை.

உன் அப்பாவின் கதை இதற்கும் மேல். பழைய காரைக் கொடுத்தபோது கழற்றிய பனிக்கால ரயர்களை என் பழைய சீலையால் போர்த்தி நிலத்துக்குக் கீழே கெல்லரில் வைத்திருந்தார், புதுசு மாதிரிக் கிடக்கு, பிள்ளைக்குக் குடுப்பம் என்று. கராஜில் வேலை செய்யும் மரியதாஸ் அண்ணை ஒருநாள் வந்து பார்த்தார். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கிறது, எந்த வருஷம், அதில் எத்தனையாம் வாரம் செய்தது என்று. பார்த்துவிட்டு, யோகராஜா, இது உம்மட பிள்ளை பள்ளிக்கூடம் போகேக்க பிறந்த ரயர், காய்ஞ்சு போச்சு, அவளின்ர காருக்கு அளவும் இல்லை என்றார். உனக்கு வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் பத்துப் பொருத்தமும் பார்த்துப் பார்த்துத் தட்டிவிட்ட மனிதர், ரயருக்குப் பிறந்த வருஷம்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் போன மாதம் கூரில் இருக்கிற கராஜுக்கு நானே போன் எடுத்தேன். மலைக்குள் பனிப்பூ போட்ட அடையாளம் உள்ள ரயர்தான் வேண்டும், முன்னுக்கு இரண்டு போட்டுச் சமாளிக்கிற கதை வேண்டாம், நாலும் மாற்றவேண்டும் என்று சொல்லி உனக்கு நேரம் குறித்துத் தெர்மினும் எடுத்தேன், செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்கு. உன் அப்பா கலண்டரைப் பார்த்திருக்கிறார். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். எனக்குச் சொல்லாமல் கராஜுக்கு எடுத்து அந்த நேரம் சரிவராது என்றிருக்கிறார். அங்கே போன் எடுத்த பெண் பிள்ளை இவருக்கு வேறு வேலையாக்கும் என்று நினைத்து, பல கிழமை தள்ளி ஒரு நாளைக் கொடுத்துவிட்டாள். உனக்கு, கராஜில ஆள் இல்லையாம் என்று சொன்னாராமே, நீயும் நல்லதாய்ப் போச்சு என்று விட்டுவிட்டாய். பனி ராகுகாலம் பார்த்து விழவில்லை. நீ வளைவில் சறுக்கிய நேரத்தைக் கலண்டரில் பார்த்தேன், நல்ல அமிர்தயோகம். அதை அவருக்கும் காட்டினேன்.

நேற்றுக் கராஜுக்குத் திரும்பவும் எடுத்துக் கெஞ்சினேன். யாரோ வரமுடியாது என்று விட்ட இடம் ஒன்று இருக்கிறது, வருகிற செவ்வாய், அதே மூன்று மணி. போகும்போது கண்ணாடி கழுவும் தண்ணீரும் உறையாததாக மாற்றச் சொல்லு, பற்றரியையும் பார்க்கச் சொல்லு. ரயருக்குப் பூட்டும் பனிச் சங்கிலி ஒன்று வாங்கி, வீட்டு வாசலில் வெளிச்சத்தில் ஒருதரம் பூட்டிப் பழகு, மலையில் விரல் விறைத்து நிற்கும்போது படிக்க முடியாது. காரில் ஒரு போர்வை இருக்கட்டும். காரின் கூரையில் கிடக்கும் பனியையும் தட்டிவிட்டுத்தான் வெளிக்கிடவேண்டும். கண்ணாடியில் பனி பிடித்தால் சுரண்டு, எங்கள் மேல்வீட்டு இரவீந்திரன் மாதிரிக் கேத்திலில் கொதித்த சுடுதண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றாதே. அவர் இப்போது கண்ணாடி வெடித்த காரை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் புத்தி சொல்லுகிறார்.

செவ்வாய் மூன்று மணி என்றதும் அப்பா சண்டைக்கு வருவார் என்று நான் மறுமொழியெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் கலண்டர்ப் பக்கமே போகவில்லை. உள்ளுக்குப் போறது ராகுகாலமெண்டாலும் வெளியில வாறது நாலரைக்குப் பிறகாய் இருக்கட்டும், பிள்ளையை ஒரு கோப்பி குடிச்சிட்டு எடுக்கச் சொல்லு என்றார். காய்ச்சலோடும் வேலைக்குப் போகிற மனிதர், செவ்வாய்க்கு லீவு கேட்டிருக்கிறார். ரயிலில் வந்து கராஜ் வாசலில் நிற்பாராம், நாலு ரயரிலும் பிறந்த வருஷத்தைத் தானே வாசித்த பிறகுதான் உன்னை ஏறவிடுவாராம்.

பிள்ளையார் உனக்குத் துணையிருப்பார், ஆனால் பிரேக் பிடிக்கிற வேலையை அவரிடம் விடாதே. செவ்வாய் வரை காரின் திறப்பைக் கையில் எடுக்காமல் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் போய் வா. அப்பாவின் பைக்குள் நாலு எலுமிச்சம்பழம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். வாங்கிச் சில்லுக்குக் கீழே வை, சண்டை பிடியாதே. ரயர் சரியாக இருந்தால் எலுமிச்சம்பழம் ஒரு கெடுதலும் செய்யாது.

வளைவுக்கு வளைவு உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
புனிதவதி