ஓடை சேராத இடம்

என் மகளைப் பெத்தவளுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடறேன். நீ கேக்கமாட்டே, இருந்தாலும் சொல்றேன்.

ஒரு குழப்பம், உன்கிட்டதான் கேக்கணும். வெள்ளைக்காரன் காலத்துல கையால வரைஞ்ச நில அளவைத் தாளெல்லாம் சேர்த்து, படுக்கையறைத் தரையில ஓரத்தோட ஓரம் பொருத்திப் பரப்பினேனே, நீகூடக் கோவிச்சுக்கிட்டியே. அதுல ஒரு ஓடை பாதியில நின்னுபோகுது. நாலடி தள்ளி அடுத்த தாள்லதான் மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல வெறும் தரை. ஒரு தாள் தொலைஞ்சுபோச்சுன்னு பழைய பேப்பர் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். வரிசை எண்ணைப் பார்த்தா எதுவுமே குறையல. மண்டை காய்ஞ்சுபோச்சு.

நேத்து உன் ஸ்வெட்டரை எடுக்க வந்த மக எட்டிப் பார்த்துட்டு, "அப்பா, அது அம்மா கட்டில் கிடந்த இடம். அதைச் சுத்தித்தானே பரப்பினீங்க?"ன்னு கேட்டா.

நீ மக வீட்டோட போனப்ப கட்டிலைத்தான் உன்கூடவே வேன்ல ஏத்தி அனுப்பியாச்சே. ரெண்டு பக்கத் தாளையும் நகர்த்தினா ஓடை சேர்ந்துரும், ஒரு நிமிஷ வேலை. காலையிலேர்ந்து தாளைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், மனசு வரல.

நகர்த்தட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு.

உன் வீட்டுக்காரன்