ஆறில்லாத வாசலில் வெள்ளப் பலகை

9 மார்ச் 1975, ஸ்பிரிங்வேல்

வாசலில் திரும்பவும் கால் இடறியது. முன்கதவின் இரு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, கீழே உயரமாக ஒரு கட்டையும் வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காடிக்குள் இறக்கி வாசலை அடைக்கலாமாம். எனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் ஹென்க் செய்தது. ஹொலண்டில் அவர்களுடைய ஆற்றங்கரை ஊரான ஆல்ஸ்வைக்கில் எல்லா வீட்டிலும் இது உண்டாம்.

இங்கே ஆறு எங்கே என்று கேட்டேன்.

"இல்லை. ஆனால் வாசல் இருக்கிறதே" என்றார்.

23 மார்ச்

ஹென்க்கின் மனைவி மிஸிஸ் ரீத்திடம் கோப்பியோடு ஒரு பிஸ்கட்தான் கிடைக்கும். தந்த கையோடு டின்னை மூடிவிடுவார். நான் குடிவந்த அன்றே, உன் கறி மணக்கிறது, குசினி ஜன்னலைத் திற என்றவர். எனக்குப் பிடித்தது. பொய் மரியாதை இல்லாத சனம்.

இன்றும் ஆல்ஸ்வைக் ஊர்க்கதை. ஊர்வாசல் மதிலில் ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறிய உயரத்துக்குக் கோடு வெட்டியிருக்கிறதாம். அதன் அடியில்தான் வியாழக்கிழமைச் சந்தை. அக்கரைக்குப் போக மணி அடித்தால் படகு வரும். படகுக்காரன் சாப்பிடும் நேரமென்றால் வராது. இப்படியும் ஒரு ஊரா?

13 ஏப்ரல்

ஆல்ஸ்வைக்கில் ஆற்றங்கரை அணையை உயர்த்தப் போகிறார்கள். அணையோரத்து வீடுகளில் ஒரு வரிசையே போகும். அதில் ஒன்று ரீத் பிறந்த வீடு. இப்போது தம்பி விம் குடும்பத்தோடு இருக்கிறார். திட்டப் படத்தை அனுப்பியிருக்கிறார். ஊரில் இரணைமடுக் குளக்கட்டில் இன்ஜினியராக வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

4 மே

பார்த்தேன். கணக்கில் பிழையில்லை. அணை ஒரு மீற்றர் உயர்ந்தால் அடி இரு பக்கமும் மூன்று மீற்றராவது விரியும். விம்மின் வீடு அந்த மூன்று மீற்றருக்குள்.

ரீத் பேனையோடு காத்திருந்தார். திட்டம் பிழை என்று எழுதி, என் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன். அணை உயரத்தான் வேண்டும், வீடு போகத்தான் வேண்டும் என்றேன்.

என் கோப்பையை எடுத்து, பாதிக் கோப்பியைத் தொட்டிக்குள் ஊற்றினார்.

5 மே

நான் என்ன பிழையாச் சொன்னனான்? கறி மணக்குது எண்டு முகத்துக்கு நேரை சொல்லலாம், அணையைப் பற்றி நான் சொல்லக் கூடாதோ? இது என்ன நியாயம்—

18 மே

ஞாயிறு. மல்கிரேவில் ஆனந்தராஜா வீட்டில் சாப்பாடு. கம்பஸில் என்னோடு படித்தவன். கதையைச் சொன்னேன்.

"பத்தாயிரம் மைலுக்கு அங்காலை இருக்கிற வீடு மச்சான். கையெழுத்தைப் போட்டிருக்கலாமே."

"நாளைக்கு வெள்ளம் வந்தால்?"

"ஓம், உன்ரை கையெழுத்தைப் பாத்திட்டுத்தான் வெள்ளம் வரும்."

அவனிடம் ஒரு அறை சும்மா கிடக்கிறது. மாதக் கடைசியில் வருகிறேன் என்றேன். இனி அந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஹென்க் மட்டும் குட்மோர்னிங் சொல்வார்.

31 மே

பெட்டி கட்டினேன். பிறகு அவிழ்த்தேன். ஏன்? தெரியாது.

10 ஓகஸ்ட்

புல் வெட்டிக்கொண்டே ஹென்க் சொன்னார்: விம் சம்மதித்துவிட்டார். அணைக்கு உட்புறம் புது வீடு கொடுத்திருக்கிறார்கள். பழையது போன கிழமை இடிபட்டது.

உள்ளே ரீத் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எதையாவது சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? கணக்குச் சரிதான் என்றா?

5 ஒக்டோபர்

ஒக்டோபர் முதல் ஞாயிறு என்றால் ஹென்க் பலகைகளை இறக்கி, எண்ணெய் பூசி, காடியில் போட்டுப் பார்ப்பாராம். அந்த ஊரில் ஆறு ஏறப்போகும் காலம். இங்கே, பூமியின் தென்பாதியில், வசந்தம். முன்பு கேட்டுச் சிரித்தவன் நான்.

இன்று அவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். பலகை எங்கே என்று கேட்டேன். "ரீத் வேண்டாம் என்றாள்" என்றார்.

நானே கராஜிலிருந்து இறக்கினேன். எண்ணெய் பூசினேன். வாசலுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகக் காடிக்குள் விட்டேன். மூன்று இறங்கின. நான்காவது பாதியில் இறுகிவிட்டது. சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. ஈரத்தில் ஊதிவிட்டது என்று நினைத்தேன்.

கதவுக்கு உள்ளே ரீத். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"தலைகீழாகப் போட்டிருக்கிறாய், இன்ஜினியர்."

உருவி எடுத்துத் திருப்பிப் போட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இருவருக்கும் நடுவில் இப்போது இடுப்பளவு பலகை. அவர் ஒவ்வொரு பொருத்தாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்து பலகைக்கு மேலால் கோப்பியை நீட்டினார். ஒரு பிஸ்கட் தந்தார். டின்னை மூடினார்.