கண்டக்டரம்மாவின் மருந்தைப் பதினோராம் கட்டிலுக்கு மாற்றக் கோரி

அனுப்புநர்
பதினோராம் கட்டில் நோயாளியின் மனைவி,
ஐந்து கறவை மாடுகளின் சொந்தக்காரி,
பால் நிலையத்துக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மக்கள் நலம் மற்றும் கால்நடை நலம்,
ஒருங்கிணைந்த அலுவலகக் கட்டடம், இரண்டாம் மாடி.

பொருள்: மருந்துக்கு அடங்காத கிருமி – என் கணவரும் எங்கள் பசுவும் இடம் மாறிப் பதிவானது – பசுவின் பெயரில் ஒதுக்கப்பட்ட ஊசி மருந்தை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் என் கணவருக்கு மாற்றித் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வேலைப்பளுவை நான் அறிவேன். நேற்றும் அதற்கு முந்தைய நாளும் தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் அமர்ந்து அதைக் கண்ணால் கண்டேன். ஆகவே சுருக்கமாக எழுத முயன்றிருக்கிறேன். முடியவில்லை என்றால் மன்னிக்கவும்.

1. என் கணவர் பால்காரர். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பசு ஒன்று அவருடைய வலது காலை மிதித்துவிட்டது. வேண்டுமென்று மிதிக்கவில்லை. கொட்டகையில் யார் நின்றாலும் முட்டி முட்டி உள்ளே தள்ளுவது அதன் குணம். அதனாலேயே அதற்குக் கண்டக்டரம்மா என்று பெயர் வந்தது. அன்று என் கணவருக்கு உள்ளே நகர இடமில்லை. கண்டக்டரம்மா அதை ஒரு காரணமாக ஏற்கவில்லை.

2. புண் ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் சேர்த்து, ஆண்கள் அறுவைப் பிரிவில் பதினோராம் கட்டில் தந்தார்கள். அங்குள்ள டாக்டரம்மா நல்லவர். இது சாதாரண மருந்துகளுக்கு அடங்காத கிருமி என்றும், அவரோடு நெருங்கிப் பழகுகிற எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். நெருங்கிப் பழகுகிறவர்கள் யார் யார் என்று சீட்டு எழுதும் இடத்தில் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன்: நானும் கண்டக்டரம்மாவும். (என்னைவிட அவளோடுதான் அவர் அதிக நேரம் இருக்கிறார். இதைப் புகாராகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.)

3. சீட்டு எழுதியவர் தலை நிமிரவில்லை. பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், ஆறு என்றேன். பால் கேட்டார், பெண் என்றேன். தொழில் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. பெயரைப் பார்த்துவிட்டுப் போக்குவரத்துத் துறை என்று அவராகவே எழுதிக்கொண்டார். ஆறு வயதில் எப்படி வேலை கிடைத்தது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்மேல் நடவடிக்கை எதுவும் நான் கேட்கவில்லை.

4. கொடுத்த சின்னக் குப்பியில் கண்டக்டரம்மாவின் வீங்கிய காம்பிலிருந்து பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவு வந்தது. என் கணவரின் காலில் உள்ள கிருமியும் அவள் மடியில் உள்ள கிருமியும் ஒன்றேதான், ஒரே மருந்துகளுக்கு அடங்க மறுக்கிறது என்று எழுதியிருந்தது. கூடவே கண்டக்டரம்மாவுக்கு அறிவுரையும் இருந்தது: நல்ல ஓய்வு எடுக்கவும், இருமும்போது வாயை மூடிக்கொள்ளவும், துண்டைப் பிறரோடு பகிர வேண்டாம். கடைசியில் சொன்னதை மட்டும் எங்களால் நிறைவேற்ற முடிந்தது.

5. அந்த முடிவை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போனேன். அங்கிருந்த மருத்துவரும் நல்லவர்தான். மாட்டையும் மனிதரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடிவு, இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பதிந்துகொள் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டார். உதவியாளரின் கம்ப்யூட்டரோ மாட்டின் காதில் குத்தும் அடையாள வில்லையின் எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. எனவே கைவசம் இருந்த ஒரு வில்லையின் எண்ணை என் கணவருக்குப் போட்டார். வில்லையையும் பொருத்திவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும், எண்ணே போதும் என்றேன். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். இனம்: மற்றவை. கொம்பு: இல்லை. பல்: இருபத்தொன்பது. கறவை நிலை: வற்றியது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

6. சென்ற வாரம் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன.

கால்நடைத் துறையிலிருந்து வந்த கடிதத்தில், மேற்படி வில்லை எண்ணுள்ள உருப்படி மூன்று சுற்று மருந்துக்கும் தேறாததாலும், கறவை வற்றிவிட்டதாலும், அதைப் பதினைந்து நாளுக்குள் மந்தையிலிருந்து நீக்கும்படி பரிந்துரைத்திருந்தார்கள். அது என் கணவர்.

மருத்துவமனையிலிருந்து வந்ததில், இந்தக் கிருமிக்கு இன்னும் அடங்குவதாக மிச்சமிருக்கும் ஒரே ஊசி மருந்தை, பத்து நாளைக்குப் போதுமான அளவு, உயர்மட்டக் குழு ஒதுக்கியிருந்தது. நோயாளி இளவயது, பெண், பொதுமக்கள் சேவையில் இருப்பவர் என்பதால் முன்னுரிமை தந்திருந்தார்கள். அது கண்டக்டரம்மா. என் கணவருக்காக டாக்டரம்மா போட்ட விண்ணப்பத்தை, இவர் ஏற்கெனவே கால்நடைத் துறையில் பதிவாகியிருப்பதால் அங்கே அணுகவும் என்று திருப்பியிருந்தார்கள்.

இரண்டையும் கட்டிலருகே உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். கால்நடைத் துறைக் கடிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "நீக்கிட்டு எங்க அனுப்புவாங்களாம், அதைக் கேட்டியா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். அதன்பின் மூவருக்கும் சிரிப்பு வரவில்லை.

7. தவறைத் திருத்தச் சொல்லி மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் போனேன். ஒதுக்கிய மருந்தை நோயாளி நேரில் வந்தால்தான் தர முடியும் என்றார்கள். மறுநாள் காலை கண்டக்டரம்மாவை ஓட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலர் விலங்குகளுக்கு அனுமதி இல்லை என்றார். சீட்டைக் காட்டினேன். முழுவதும் படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பெண்கள் வரிசை இடது பக்கம் என்று சொன்னார், ஆனாலும் விட முடியாது என்றார். அதற்குள் கண்டக்டரம்மா அவரை முட்டி முட்டி அவருடைய கூண்டுக்குள்ளேயே தள்ளிவிட்டாள். சீட்டில் நோயாளி வரவில்லை என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள்.

8. தங்கள் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள். இடது படியில் மக்கள் நலம், வலது படியில் கால்நடை நலம். இடது படிக்காரர், கிருமி மாட்டிலிருந்து வந்தது, எனவே வலது பக்கத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொல்கிறார். வலது படிக்காரர், கிருமி மனிதரிடமிருந்து மாட்டுக்குப் போனது, எனவே இடது பக்கம் எழுதி வாங்கி வரச் சொல்கிறார். மூன்று நாளாக ஏறி இறங்குகிறேன். கிருமியிடமே ஒரு கையெழுத்து வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, வாங்கினாலும் அதிகாரி சான்று வேண்டும் என்றார்கள். இரண்டு படிகளும் சேருகிற இடம் தங்கள் மேசை ஒன்றுதான்.

9. இதுவரை எழுதியது புகார். இனி எழுதப்போவது புகாரில் சேராது. ஆனால் அதை மறைத்துவிட்டு உதவி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் எதையும் வீணாக்கும் பழக்கம் கிடையாது. மாட்டுக் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள மாடத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். வீட்டில் யாருக்கு என்ன மருந்து மிஞ்சினாலும் அதில் போடுவேன். யாருக்கு என்ன வந்தாலும் அதிலிருந்து எடுப்பேன். போன வருடம் என் கணவருக்கு நெஞ்சுச் சளி கட்டியபோது ஏழு நாள் மாத்திரை தந்தார்கள். மூன்றாம் நாளே இருமல் நின்றது. நல்ல மாத்திரையை எதற்கு வீணாக விழுங்க வேண்டும் என்று மீதியை டப்பாவில் போட்டேன். பிறகு கண்டக்டரம்மாவுக்கு மடி வீங்கியபோது அதைத் தவிட்டில் பிசைந்து கொடுத்தேன். பாதி வீக்கம் வற்றியது. கால்நடை மருத்துவர் மடியில் ஏற்ற ஐந்து ட்யூப் தந்தார். இரண்டிலேயே சரியாகிவிட்டதாக நினைத்து மூன்றை டப்பாவில் வைத்தேன். என் கணவரின் காலில் மிதி பட்டபோது அந்த மூன்றையும் அவருடைய புண்ணில் நான்தான் பிதுக்கினேன். "மாட்டுக்கே கேக்குதுன்னா எனக்குக் கேக்காதா" என்று அவரும் காலை நீட்டினார்.

டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அரைகுறையாக அடித்து விட்ட கிருமி சாகாமல் அந்த மருந்தைப் பழகிக்கொள்ளும் என்று நிதானமாக விளக்கினார். அப்படியானால் மனிதரிடம் பாதி, மாட்டிடம் பாதி என்று மாற்றி மாற்றி அதைப் பழக்கியது நான். இடது படியும் வலது படியும் இது யாருடைய கிருமி என்று கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. எந்த வழியாகப் போனது என்று தெரியும். என் கை வழியாகப் போனது.

10. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கண்டக்டரம்மா நேரில் வராவிட்டால் அந்த ஊசி மருந்து தலைமைக் கிடங்குக்குத் திரும்பிவிடும். அதே வெள்ளிக்கிழமை பிற்பகல் என் கணவரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். ஊசியை உடனே தொடங்கினால் அறுவையைத் தள்ளிவைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா எழுதித் தந்திருக்கிறார். கால் தப்பும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. எனக்கு அதுவே போதும்.

கண்டக்டரம்மாவைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். அவளைத் தனியே கட்டிவிட்டோம். அந்த ஒரு காம்பை வற்றவிட்டால் மீதி மூன்றோடு நன்றாக இருப்பாள் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். என் கணவரிடம் அப்படி உபரி எதுவும் இல்லை.

11. எனவே, ஐயா, தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. மாட்டின் பெயரில் வந்த மருந்தை மனிதருக்குக் கொடுங்கள். எந்தக் காரியத்தைச் செய்து இந்த நிலைக்கு வந்தேனோ, அதையே தாங்கள் ஒரு முறை முத்திரையோடு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த முறை டாக்டரம்மா சொன்ன அளவு, சொன்ன வேளை, பத்தாம் நாள் கடைசி ஊசி வரை. அவருக்கு மூன்றாம் நாளே சரியாகிவிட்டாலும் நிறுத்த விடமாட்டேன். நான் செய்ததற்கு என்ன தண்டனை உண்டோ அதைச் சனிக்கிழமை முதல் எப்போது வேண்டுமானாலும் தாருங்கள். வெள்ளிக்கிழமை வரை எனக்கு நேரமில்லை.

தங்கள் பதிலுக்காக அதே பெஞ்சில் அமர்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பதினோராம் கட்டிலின் மனைவி

நாள்: புதன்கிழமை, அலுவலகம் திறந்ததும்
இடம்: தங்கள் அறை வாசல்

இணைப்பு:
1. கண்டக்டரம்மாவின் புறநோயாளர் சீட்டும் மருந்து ஒதுக்கீட்டு ஆணையும்.
2. என் கணவரை மந்தையிலிருந்து நீக்கும் பரிந்துரை. (அவர் இதைத் திருப்பிக் கேட்கிறார். சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம்.)
3. டாக்டரம்மாவின் கடிதம்.
4. பிஸ்கட் டப்பா ஒன்று. உள்ளே பதினாறு மாத்திரைகள், யாருடையவை என்று நினைவில்லை. முறைப்படி அழித்துவிடுங்கள். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்.