பேர் வைக்காத பிள்ளைக்கு ஒரு பதிவு

இந்த வருடத்து அறிவித்தலைக் கன்ரீன் சுவரில் ஒட்டுவதற்காகக் காலையில் சோற்றைக் குழைத்துப் பசை செய்தேன். கை முழுக்க அந்தப் புளித்த மணம். சவர்க்காரம் போட்டும் போகவில்லை. வாவிக் காற்றின் ஈரத்துக்கு டேப் நிற்காது, சோற்றுப் பசைதான் நிற்கும் என்று கண்டுபிடித்தவள் நீ. நீ போய்விட்டாய், நாற்றம் எனக்கு.

அறிவித்தலில் இருப்பது வழக்கமான விசயம்தான். குடும்பக் காப்புறுதியில் கணவனையும் பிள்ளைகளையும் சேர்க்க விரும்புகிறவர்கள் மாத முடிவுக்குள் விவரம் தரவேண்டும். தைக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிறார்கள். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில். "மறுகா தாறன் மிஸ்." மறுகா, மறுகா, மறுகா. இந்த மட்டக்களப்பில் பிறகு என்பதற்கு இப்படியொரு சொல் இல்லாமல் இருந்திருந்தால் என் பிரஷர் பாதி குறைந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உன்மேல்தான் கோபம். இந்தத் தையல் ஆலைக் கந்தோரில் உன் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சம்பளம் என் பொறுப்பு, காப்புறுதி உன் பொறுப்பு. யாருக்குக் கலியாணம், யாருக்குப் பிள்ளை, யாருடைய பதிவு எப்போது முடிகிறது என்பதெல்லாம் உன் மண்டைக்குள் மட்டும் இருந்தது. "எங்கயாச்சும் எழுதி வையன் கா" என்றால், "நான் என்ன நாளைக்கே சாகவா போறன்?" என்று சிரிப்பாய். போன மாரிக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டாய். லீவு முடிந்தது, நீ வரவில்லை. நிர்வாகம் வேறு ஆளையும் எடுக்கவில்லை. உன் வேலையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

வெல்லாவெளிக்கு ஒருநாள் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? புதிதாகக் கலியாணம் முடித்தவள் ஒருத்தி, புருசனின் கையெழுத்தை வாங்கித் தராமலே லீவில் போய்விட்டாள். வீட்டில் போய்க் கேட்டால், அவர் வயல் வட்டைக்குள் நெல் வெட்டு நடக்கும் இடத்தில் நிற்கிறார், பின்னேரம்தான் வருவார் என்றார்கள். "பின்னேரம் வரைக்கும் காப்புறுதிக்காரங்க கந்தோரத் திறந்து வெச்சிரிப்பாங்களா?" என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினாய். நான் வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நின்றுவிட்டேன். தூரத்தில் அந்த மனிதர் வெட்கத்தில் நெளிவதும், நீ உன் சாரித் தலைப்பால் அவர் கைச் சேற்றைத் துடைத்துவிட்டுப் பேனையைக் கொடுப்பதும் தெரிந்தது. திரும்பி வந்து, "நாமதான் போகோணும் கா. காயிதம் தானா நடந்து வராது" என்றாய். உனக்குக் கோபமே வரவில்லை. எனக்கு இன்றைக்கும் வருகிறது.

சரி, கிரான் ஊரில் நடந்த கதையைச் சொல்கிறேன். கேட்டுக்கொள், இதெல்லாம் நீ பார்த்திருக்கவேண்டிய வேலை.

இரண்டாவது வரிசையில் தைக்கிற கிரான் வாயாடிப் பிள்ளை, கலியாணத்துக்கு நாம் இரண்டு பேரும் போனோமே, அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. இருதயத்தில் ஓட்டை, கெதியாக ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார் டொக்டர். பிறந்து முப்பது நாளுக்குள் பதிந்தால் பிறவி நோய்க்கும் காப்புறுதி உண்டு. ஒருநாள் பிந்தினாலும் இல்லை. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்ய அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

மற்ற விவரம் எல்லாம் வாங்கிப் பதிந்துவிட்டேன். பேர் மட்டும்தான் பாக்கி. பேர் இல்லாமல் கொம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்கு விடாது. அவர்களோ முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துத்தான் பேர் வைப்பார்கள். கோல் எடுக்கும்போதெல்லாம், "ஒருநாள்தானே மிஸ் பிந்தும்" என்றார்கள். ஒருநாள்தானே! நான் சுவரில் தலையை மோதாத குறை.

கடைசி நாள் காப்புறுதித் தலைமைக் கந்தோருக்குக் கோல் எடுத்துக் கெஞ்சினேன். பேசியவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஏதாவது ஒரு பேர் போடுங்க மிஸ். பேரப் பிறகு திருத்தலாம், திகதியத் திருத்த ஏலாது. நாலு மணிக்கு மூடிரும்." கிரானுக்கு எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வீடு அவளுடைய தாயின் வீடு, சட்டமும் தாயின் சட்டம். மருமகன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"துடக்குக் கழியல்ல. இப்ப ஒரு பேரச் சொல்லி எழுதினா அதுதானே பேராகும்? ஏலாது மிஸ்" என்றாள் தாய்.

"சும்மா கொம்பியூட்டருக்கு ஒரு பேர் சொல்லுங்க. நாளைக்கு நீங்க வைக்கிறத மறுபடி எழுதுவம்."

"நாளைக்கு எண்டா நாளைக்கே எழுதுங்களன்."

உள்ளே அறைக்குள்ளிருந்து அந்த வாயாடி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மணி நாலாகப் போகிறது. படலைக்கு வெளியே வந்து போனில் பதிவைத் திறந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார்மேல் பாய்வது என்றே தெரியவில்லை. அந்தத் தாய்மேலா, கொம்பியூட்டர்மேலா, மண்டையோடு எல்லாவற்றையும் கொண்டுபோன உன்மேலா? இது உன் வேலை, நீயே பார் என்று பேர்க் கட்டத்தில் உன் பேரை அடித்துவிட்டேன். பதிவு ஏறிவிட்டது.

காப்புறுதி அட்டை வாயாடியின் போனுக்கு வந்த அன்றே, அவள் தாய் ஆலைப் படலையில் வந்து நின்றாள். "அர ஆயுசில போனவட பேர எண்ட பேத்திக்கு வெப்பயா? அதுவும் இருதயத்தில வருத்தமுள்ள புள்ளைக்கு? ஒனக்கு நெஞ்சில ஈரமில்லையா?" காவலாளி முன்னால் வாங்கிக்கட்டினேன். அவள் கேட்டது நியாயம். பேரைத் திருத்த அன்றே எழுதிப்போட்டேன். ஆனால் திருத்தம் வருவதற்கு முன் ஒப்பரேசன் நாள் வந்துவிட்டது. உன் பேரோடுதான் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஏதாவது நடந்தால் அந்தத் தாயின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

பிள்ளை சுகம். இப்போது அதற்கு வாயில் நுழையாத ஒரு புதுப் பேர். அட்டையிலும் மாற்றிவிட்டேன். நீ அங்கே இல்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன்.

ஆனால் வேலைக்குத் திரும்பி வந்த வாயாடி சொன்ன ஒன்றை எங்கு போனாலும் கொண்டுதிரிகிறேன். ஒப்பரேசனுக்கு எடுக்கும்போது தாதி வெளியே வந்து உன் பேரைக் கூப்பிட்டாராம். யாரும் அசையவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டாராம். இவள் தாயைப் பார்த்துப் பயந்துபோய் இருந்திருக்கிறாள். என்னைப் படலையில் வைத்து ஏசிய அந்தத் தாய்தான் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு எழும்பினாளாம்.

"ஓம் மிஸ், இஞ்ச இரிக்கா."